பெருவிரல்களின் காலம்: விசைப்பலகை போன்களின் சிறு வரலாறு

விசைப்பலகை வைத்த ஸ்மார்ட்போன் ஒன்றைக் கடைசியாக எப்ப பார்த்தீர்கள்? இருபது வயதுக்குக் கீழே இருக்கிற ஆக்களுக்கு இந்தக் கேள்வியே விளங்காமல் போகலாம். சின்னத் திரை. அதற்குக் கீழே ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் தனித்தனியாக ஒரு குட்டி விசை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரண்டு பெருவிரலாலும் டக் டக்கென்று அடிக்க வேண்டும். இன்றைக்கு அது பழைய சாமான். ஆனால் 2000களின் நடுப்பகுதியில் வேலைப்பளு கூடிய மனிதர் என்றாலே கையில் அதுதான் இருக்கும். 2009 இல் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற பராக் ஒபாமா, பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி மற்றவர்கள் தடுத்தும், தன்னுடைய பிளாக்பெரியை விடமாட்டேன் என்று நின்று கடைசியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் போன் ஏன் வந்தது, ஏன் அவ்வளவு பிடித்தது, ஏன் போனது என்று பார்ப்பது வெறும் பழைய நினைவுகளைக் கிளறுகிற வேலை இல்லை. இரவு பதினொரு மணிக்கும் அலுவலக வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுகிறதே, அந்தப் பழக்கத்தின் வேர் இந்தக் குட்டி விசைகளில்தான் இருக்கிறது.

பெருவிரலுக்கு ஒரு விசைப்பலகை

கையில் கொண்டு திரிகிற போனில் முழு விசைப்பலகை வைக்கிற யோசனை பிளாக்பெரியோடு தொடங்கியதல்ல. நொக்கியா 1996 இலேயே 9000 கொம்யூனிகேட்டரை வெளியிட்டது. புத்தகம் மாதிரித் திறந்தால் உள்ளே விசைப்பலகையும் அகலத் திரையும் இருக்கும். நிறை 397 கிராம். சட்டைப் பொக்கற்றுக்குள் வைக்கிற சாமான் இல்லை. அடிப்பதற்கும் மேசையில் வைத்தால்தான் வசதி.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாட்டர்லூ என்ற நகரத்தில் 1984 இல் தொடங்கிய கம்பனி ரிசேர்ச் இன் மோஷன். தொடங்கியவர்கள் மைக் லசாரிடிஸ், டக்ளஸ் ஃப்ரெகின் என்ற இரண்டு நண்பர்கள். லசாரிடிஸ் இஸ்தான்புல்லில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கனடாவுக்கு வந்தவர். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த மின்பொறியியலை முடிக்காமலே கம்பனியைத் தொடங்கிவிட்டார். வியாபாரப் பக்கத்தைப் பார்க்க 1992 இல் ஜிம் பால்சிலி வந்து சேர்ந்தார்.

மற்றவர்கள் கணினி விசைப்பலகையை எப்படிச் சுருக்கலாம் என்று யோசித்தபோது, இவர்கள் வேறு பக்கமாக யோசித்தார்கள். கையில் பிடித்திருக்கிற சாமானில் பத்து விரலும் வேலை செய்யாது. எட்டு விரல் பிடிப்பதற்குப் போய்விடும். மிச்சம் இரண்டு பெருவிரல். அப்படியென்றால் விசைப்பலகையைப் பெருவிரலுக்கென்றே செய்ய வேண்டும். 1998 இல் வந்த ஆர்ஐஎம் 950 பேஜரில் விசைகள் நீள்வட்டமாக, வெளிப்பக்கம் சரிந்து இருந்தன. பெருவிரல் எந்தக் கோணத்தில் வந்து விழுமோ அதே கோணம். இந்த அமைப்புக்குப் பின்னர் அமெரிக்காவில் காப்புரிமையும் எடுத்தார்கள்.

1999 ஜனவரியில் பிளாக்பெரி என்ற பெயரில் மின்னஞ்சல் சேவை அறிமுகமானது. பெயரைத் தேடித் தந்தது லெக்சிகன் என்ற பெயர்சூட்டும் நிறுவனம். விசைகள் ஏதோ ஒரு பழத்தின் விதைகளைப் போலத் தெரிந்ததில் தொடங்கி, ஸ்ட்ரோபெரியில் போய் நின்று, அந்தச் சொல் கொஞ்சம் இழுவையாக இருக்கிறது என்று பிளாக்பெரிக்கு வந்தார்கள். அதே வருடம் வந்த பிளாக்பெரி 850 இல் ஒரு விசயம் இன்றைக்கு வேடிக்கையாக இருக்கும்: அதில் யாரோடும் கதைக்க முடியாது. அது தொலைபேசியே இல்லை. ரிமோட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரேயொரு பற்றரியில் ஓடுகிற, மின்னஞ்சல் மட்டும் பார்க்கிற பேஜர். தொலைபேசி வசதி 2002 இல் 5810 இல்தான் வந்தது. அதிலும் காதில் ஹெட்செட் மாட்டினால்தான் கதைக்கலாம்.

ஏன் பிடித்தது?

முதல் காரணம், மின்னஞ்சல் தானாக வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் மின்னஞ்சல் பார்ப்பது தபால் கந்தோருக்குப் போய்க் கடிதம் வந்திருக்கா என்று கேட்கிற மாதிரி. கணினிக்கு முன்னால் இருந்து, இணைப்பைப் போட்டு, திறந்து பார்க்க வேண்டும். பிளாக்பெரி தபால்காரரை வீட்டு வாசலுக்கு அனுப்பியது. கம்பனியின் மின்னஞ்சல் வழங்கியோடு இன்னொரு மென்பொருளை இணைத்து, கடிதம் வந்த உடனே அதைச் சுருக்கி, மறைகுறியாக்கி, கையில் இருக்கிற கருவிக்குத் தள்ளிவிட்டது. வங்கிகளும் சட்ட நிறுவனங்களும் அரசாங்கங்களும் நம்பி வாங்கியதற்கு அந்த மறைகுறியாக்கம் பெரிய காரணம்.

இரண்டாவது, விசைகள். விசை விரலுக்குத் தெரியும். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பார்க்காமலே பிடிபடும். 2008 இல் வந்த போல்ட் 9000 இல் வரிசைகளுக்கு இடையில் கிற்றாரில் இருக்கிற மாதிரி உலோகக் கோடுகள் வைத்தார்கள். பழகிய ஆக்கள் கூட்டத்தில் முன்னால் இருக்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேசைக்குக் கீழே பதில் அடித்து முடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, குறுக்குவழிகள். இதைத்தான் அந்தப் போனைப் பாவித்தவர்கள் இன்றைக்கும் சொல்லி ஏங்குகிறார்கள். இடைவெளி விசையை இரண்டு தரம் அடித்தால் முற்றுப்புள்ளி விழுந்து அடுத்த எழுத்து பெரிய எழுத்தாகும். மின்னஞ்சல் முகவரி எழுதும்போது அதே விசை நடுவில் வருகிற குறியைத் தானே போடும். கடிதப் பட்டியலில் 'டி' அடித்தால் உச்சி, 'பி' அடித்தால் அடி, 'சி' அடித்தால் புதுக் கடிதம், 'ஆர்' அடித்தால் பதில். ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்தால் அதற்குக் குறித்து வைத்த ஆளுக்கு அழைப்புப் போகும். புதுச் செய்தி இருந்தால் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். திறந்து பார்க்கத் தேவையில்லை, விளக்கைப் பார்த்தால் போதும். எல்லாமே ஒரு கேள்விக்கு விடை: பதில் போடுகிறதை எப்படி இன்னும் இரண்டு செக்கன் குறைக்கலாம்?

2001 செப்டெம்பர் 11 அன்று நியூயோர்க்கிலும் வொஷிங்டனிலும் கைத்தொலைபேசி வலையமைப்புகள் நெரிசலில் திணறியபோது, வேறு வலையமைப்பில் ஓடிய பிளாக்பெரிகளில் செய்தி போய் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தன்னுடைய உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு பிளாக்பெரி கொடுத்தது. அதிகாரத்தில் இருக்கிற ஆக்களின் அடையாளமாக அது மாறியது இப்படித்தான்.

ஆனால் விலை கூடினவர்களிடம் மட்டும் அது நிற்கவில்லை. 2005 இல் வந்த பிபிஎம் செய்திச் சேவை இளம் ஆக்களையும் இழுத்தது. தொலைபேசி இலக்கம் கொடுக்கத் தேவையில்லை, ஒரு பின் இலக்கம் போதும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, வாசித்தாயிற்றா என்று காட்டும். இப்ப 'நீலக் கோடு விழுந்திருக்கு, பதில் இல்லை' என்று மனம் நோகிறோமே, அதன் முன்னோடி இதுதான். நொக்கியா ஈ63, ஈ71, 2010 இல் வந்த மலிவான சி3 எல்லாம் இதே உருவத்தைச் சாதாரண ஆக்களின் கைக்கும் கொண்டுவந்தன.

கண்ணாடி வந்தது

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐஃபோனை அறிமுகப்படுத்தியபோது, திரையில் நாலு விசைப்பலகை போன்களின் படத்தைக் காட்டினார். மோட்டோ கியூ, பிளாக்பெரி, பாம் ட்ரியோ, நொக்கியா ஈ62. அவருடைய வாதம் இலகுவானது: இந்த விசைகள் தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும் அங்கேயேதான் இருக்கும், போனின் கீழ்ப் பாதியை விழுங்கிவிடும், விற்ற பிறகு மாற்றவும் ஏலாது.

எழுதுகிறவருக்கு அது நட்டம், பார்க்கிறவருக்கு லாபம். படம், வரைபடம், வீடியோ எல்லாவற்றுக்கும் முழுத் திரை வேண்டும். விசைப்பலகை போன் எழுதுகிறதற்கென்று செய்த கருவி. கண்ணாடிப் போன் பார்க்கிறதற்கென்று செய்த கருவி. உலகம் எந்தப் பக்கம் போனது என்று சொல்லத் தேவையில்லை. ரிசேர்ச் இன் மோஷன் 2008 இல் ஸ்டோர்ம் என்ற தொடுதிரைப் போனை அவசரமாக இறக்கியது. அதில் முழுத் திரையுமே ஒரு பெரிய பொத்தான் மாதிரி அமுங்கும். கண்ணாடியையும் விசையையும் ஒன்றாகக் கட்டப் பார்த்து இரண்டும் சரிவரவில்லை.

இந்த இடத்தில் தமிழ் ஆக்களாகிய நாங்கள் ஒரு விசயத்தை யோசிக்க வேண்டும். விசைப்பலகை போனுக்காக நாங்கள் உண்மையிலேயே அழலாமா? எங்கட கடைகளுக்கு வந்த அந்தப் போன்களின் விசைகளில் அச்சடித்திருந்தது ஆங்கிலம். தமிழை விசைகளுக்குள் அடக்க ஏலாது என்பதல்ல பிரச்சினை. தட்டச்சுப்பொறிக் காலத்திலேயே 247 எழுத்தோடு மல்லுக்கட்டித் தமிழுக்கு விசைப்பலகை அமைத்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா. பிளாக்பெரி பிறந்த அதே 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, சாதாரண கணினி விசைப்பலகையில் அடங்குகிற தமிழ்99 அமைப்பும் உருவானது. வழி இருந்தது. ஆனால் அந்தப் போனை மனதில் வைத்துச் செய்த 'வேலைப்பளு கூடிய மனிதர்' தமிழில் எழுதுகிறவர் இல்லை. அதனால் நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழைக் கதைத்துப் பழகினோம்.

அந்தப் பிளாஸ்ரிக்கை உடைத்தது கண்ணாடிதான். திரையில் தெரிகிற விசைக்கு எந்த எழுத்தும் ஒன்றுதான். முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற செயலிகளும், பிறகு போன்களிலேயே வந்த தமிழ் விசைப்பலகைகளும், அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் தமிழிலேயே செய்தி அனுப்புகிற நிலையைக் கொண்டுவந்தன. ஜொப்ஸ் விசைகளை மாற்ற ஏலாது என்று குறை சொன்னது எங்களுக்காக இல்லை. ஆனாலும் அதன் பலன் எங்களுக்கும் கிடைத்தது.

விசை போனது, அவசரம் நின்றது

2012 இல் பிளாக்பெரிக்கு உலகம் முழுக்க 80 மில்லியன் பாவனையாளர்கள் இருந்தார்கள். அந்த வருட ஜனவரியிலேயே லசாரிடிசும் பால்சிலியும் தலைமைப் பொறுப்பில் இருந்து விலகியிருந்தார்கள். பிபிஎம்மை மற்றப் போன்களுக்குத் திறந்தது 2013 ஒக்டோபரில்தான். அதற்குள் வட்ஸ்அப் எல்லார் கையிலும் போய் உட்கார்ந்துவிட்டது. 2016 இல் சொந்தமாகப் போன் செய்வதை நிறுத்துவதாகக் கம்பனி அறிவித்தது. சீனாவின் டிசிஎல் அதே பெயரில் 2018 இல் கீ2 வரைக்கும் செய்து பார்த்தது. 2022 ஜனவரி 4 உடன் பழைய பிளாக்பெரிகளுக்கான சேவைகள் நின்றுபோயின. இடைக்கிடை ஆசை திரும்பி வருகிறது: 2024 இல் ஐஃபோனுக்குக் கீழே மாட்டுகிற கிளிக்ஸ் விசைப்பலகை விற்பனைக்கு வந்தது.

ஆனால் அந்தப் போன் விட்டுப் போனது விசைகளின் ஞாபகத்தை மட்டும் இல்லை. 2006 இலேயே அமெரிக்காவில் 'கிராக்பெரி' என்ற சொல், அதாவது போதைப்பொருள் போல விட ஏலாத பிளாக்பெரி, ஒரு அகராதியின் அந்த வருடச் சொல்லாகத் தெரிவானது. பதிலை இரண்டு செக்கனில் போடலாம் என்று வந்த பிறகு, இரண்டு செக்கனில் பதில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று வந்த கருவி, மிச்சம் பிடித்த நேரத்தை முதலாளியிடமே திருப்பிக் கொடுத்தது. முன்பு மேலதிகாரிகளுக்கு மட்டும் இருந்த இந்தக் கயிறு இப்ப ஆசிரியருக்கும் கடையில் நிற்கிற பிள்ளைக்கும் வந்திருக்கிறது.

இதை எதிர்த்து நின்றவர்களும் இருக்கிறார்கள். 2011 இல் ஜேர்மனியின் ஃபொக்ஸ்வாகன் கார்க் கம்பனியில், தொழிலாளர் பிரதிநிதிகளோடு செய்த உடன்பாட்டின்படி, ஒரு பகுதி ஊழியர்களின் பிளாக்பெரிகளுக்கு வேலை முடிந்து அரை மணி நேரத்தில் மின்னஞ்சல் போவதை நிறுத்தினார்கள். அடுத்த நாள் வேலை தொடங்க அரை மணி நேரத்துக்கு முதல்தான் திரும்பத் திறக்கும். 2017 இல் பிரான்ஸ், 50 பேருக்கு மேல் வேலை செய்கிற நிறுவனங்களில் வேலைநேரத்துக்குப் பிறகு இணைப்பைத் துண்டிக்கிற உரிமையைப் பற்றித் தொழிலாளரோடு பேசியே ஆகவேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கருவி தானாக அணையவில்லை. கேட்டு வாங்கித்தான் அணைத்தார்கள்.

உங்கட வேலையிடத்து வட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு அரை மணி நேரத்தைக் கேட்கலாமா? யார் முதலில் கேட்பது?