இறம்பொடை வழியும் சேவைக் கணக்கும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் புசல்லாவைக்கு அப்பால் உள்ள இறம்பொடை, 1840களில் கோப்பிப் பயிர் பரவியபோதே உலக வணிகத்துக்குள் வந்துவிட்டது. மாட்டு வண்டியில் மலையிறங்கிய கோப்பி கொழும்பில் சுங்கப் பதிவில் ஏறி, குடியேற்ற அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட நீலப் புத்தகத்தில் ஏற்றுமதி என்று அச்சானது. அந்தக் கோப்பியைக் கொண்டுபோன கப்பலின் கட்டணம், காப்புறுதிப் பணம், இலண்டன் தரகு ஆகியவற்றுக்குச் சுங்கத்தில் வேலையில்லை. நிறுக்கக்கூடியதே வணிகம் என்று கொண்ட ஏட்டில் அவை இடம்பெறவில்லை.

1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. கூடவே சேவைகளும் பெருகின. தோட்டத்தின் உடைமைக் கம்பெனி இலண்டனில் இருக்கும். அதன் சார்பில் உரம் வாங்குவது, தேயிலைப் பெட்டியைக் கப்பலேற்றுவது, கணக்கு எழுதுவது எல்லாம் கொழும்பு ஏஜென்சிக் கம்பெனியின் பொறுப்பு. அவ்வப்போது விசிட்டிங் ஏஜென்ட் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. கொழுந்து பறித்தவருக்கு அன்று அரைப்பேரா முழுப்பேரா, அதாவது அரைநாள் கூலியா முழுநாள் கூலியா என்பதைச் செக்ரோல் என்னும் தோட்டப் பதிவேடு பிசகாமல் காட்டியது. ஆனால் இந்தக் கட்டணங்களில் எவ்வளவு தீவைவிட்டு வெளியேறியது என்பதைக் காட்ட அப்படியொரு ஏடு அரசிடம் இல்லை.

விற்பனை நடக்கும் இடமும் இதில் முக்கியம். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் நடந்தது. ஆனாலும் பெருந்தொகைத் தேயிலை நெடுங்காலம் இலண்டனுக்கே போய் ஏலத்துக்கு வந்தது. அங்கே விற்றால் கிடங்கு வாடகையும் தரகும் இலண்டன்காரருக்கு. கொழும்பில் விற்றால் உள்ளூருக்கு. தேயிலையின் எடை மாறாமலே நாட்டின் வருமானம் கூடலாம், குறையலாம். சரக்குப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மாற்றம் தெரியாது. இலண்டன் ஏலம் 1998இல் மூடப்பட்டது.

ஒரு நாடு உலகோடு நடத்தும் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் பதியும் கணக்கே சென்மதி நிலுவை. அதற்கான முதல் கைந்நூலைச் சர்வதேச நாணய நிதியம் 1948இல் வெளியிட்டது. 1950 ஆகஸ்டில் தொடங்கிய இலங்கை மத்திய வங்கி, சரக்கோடு சேவை, வருமானம், மாற்றல்கள் ஆகியவற்றையும் ஆண்டறிக்கையில் கணக்கிட்டுக் காட்டியது. அன்று செலாவணிக் கட்டுப்பாடு இருந்ததால் வெளிநாட்டுக்குப் போகும் பணம் எதற்காக என்று வங்கியில் சொல்லியாக வேண்டும். கெடுபிடிதான், ஆனால் புள்ளிவிவரம் தானாகத் திரண்டது. 1977 முதல் கட்டுப்பாடு தளரத் தளர, மாதிரி ஆய்வையும் மதிப்பீட்டையும் கூடுதலாக நம்ப வேண்டியதாயிற்று.

சுற்றுலா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அருவியைப் பார்க்கவும், சின்மயா மிஷனின் அனுமன் கோயிலை வணங்கவும் இறம்பொடைக்கு வரும் இந்தியர் அறைக்கும் வேனுக்கும் சோற்றுக்கும் கொடுக்கும் பணம் இலங்கையின் சேவை ஏற்றுமதி. கடை கடையாகப் போய் அதை யாரும் கூட்டுவதில்லை. வருகையாளர் தொகை, சராசரியாகத் தங்கும் நாள், நாளொன்றின் சராசரிச் செலவு ஆகிய மூன்றையும் பெருக்குகிறார்கள். 2018இல் வந்தவர் 23,33,796 பேர், தங்கியது 10.8 நாள், நாட்செலவு 173.8 டொலர். பெருக்கினால் ஏறக்குறைய 4,380 மில்லியன் டொலர், அவ்வாண்டுத் தேயிலை ஏற்றுமதியைப்போல் மூன்று மடங்கு. வருகையாளரைக் குடிவரவு அதிகாரிகள் எண்ணிவிடுவார்கள். மற்ற இரண்டும் மாதிரி ஆய்வின் விடைகள். தங்கும் நாளில் ஒன்று பிசகினாலே 400 மில்லியன் டொலருக்கு மேல் கூடும் அல்லது குறையும். அது தேயிலை வருமானத்தில் கால் பங்குக்கும் அதிகம். வீதி, ஹோட்டல், கடன் என்று எத்தனையோ திட்டங்கள் இந்தத் தொகையை நம்பி நிற்பதால் இந்தப் பிசகைச் சிறிதென்று தள்ள முடியாது.

சில சேவைகள் வரையறையிலேயே நழுவுகின்றன. இறம்பொடை அருவியின் நீர் சேரும் கொத்மலை அணையை 1985இல் கட்டி முடித்தது சுவீடனின் ஸ்கன்ஸ்கா. இப்படி ஆண்டுக் கணக்கில் தங்கி வேலைசெய்யும் ஒப்பந்தக்காரரின் கிளையை இன்றைய விதிகள் உள்நாட்டு நிறுவனமாகவே கொள்ளும். அதன் வேலை சேவை இறக்குமதியில் சேராது. வளைகுடாவில் வீட்டுவேலை செய்யும் தோட்டத்துப் பெண் அனுப்பும் பணத்தின் கதையும் இதுவே. அவர் செய்வது சேவைதான் என்றாலும், வெளிநாட்டு வீட்டாரிடம் சம்பளத்துக்கு இருப்பவர் என்பதால் அந்தப் பணம் தொழிலாளர் பணவனுப்பலில் அடங்கும். 2018இல் அந்தத் தலைப்பில் வந்தது ஏறக்குறைய 7,000 மில்லியன் டொலர். சுற்றுலாவையும் விஞ்சிய இந்தத் தொகையைச் சேவை அட்டவணையில் தேடினால் கிடைக்காது.

1995இல் உலக வர்த்தக அமைப்போடு நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தகப் பொது உடன்படிக்கை சேவை கைமாறும் வழிகளை நான்காகப் பிரித்தது: எல்லை தாண்டி வழங்கல், நுகர்வோர் தேடிப் போதல், வெளிநாட்டில் நிறுவனம் அமைத்தல், ஆட்கள் சென்று பணிபுரிதல். நான்கையும் அளக்கும் கைந்நூல் 2002இல்தான் வந்தது, 2010இல் திருத்தப்பட்டது. அதற்குள் பேரங்கள் தொடங்கிவிட்டன. 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை சரக்கோடு நின்றது. சேவையையும் சேர்த்துப் பேசிய அடுத்த உடன்படிக்கை 2008இல் கையெழுத்தாகாமல் நின்றுபோனது. 2018இல் சிங்கப்பூரோடு செய்த உடன்படிக்கையில் சேவை இடம்பெற்றபோது, வெளிநாட்டார் வந்து வேலைகளைப் பிடிப்பார்கள் என்று தொழில்வாண்மையாளர் சங்கங்கள் எதிர்த்தன. சச்சரவு எழுந்தது ஆட்கள் வரும் நான்காம் வழியைப் பற்றி. உலகெங்கும் ஆகக் குறைவாக அளக்கப்படுவதும் அதுவே. உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டில் 2017இல் உலகச் சேவை வணிகத்தில் அதன் பங்கு 3 சதவீதத்தை எட்டவில்லை. நிறுவனம் அமைத்துச் செய்யும் மூன்றாம் வழியின் பங்கு ஏறக்குறைய 59 சதவீதம்.