மர்மர்

அமெரிக்க மாற்று ராக் இசைக்குழு ஆர்.இ.எம். வெளியிட்ட முதல் முழுநீள இசைத்தொகுப்பு. ஐ.ஆர்.எஸ். ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1983 ஏப்ரலில் வெளியிட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் உருவான இக்குழுவில் மைக்கேல் ஸ்டைப், பீட்டர் பக், மைக் மில்ஸ், பில் பெர்ரி என நால்வர் இருந்தனர்.

முதலில் ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளருடன் ஒரு பாடலைப் பதிவு செய்து பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்ன அவரது முறையும், பிறகு அவர் சேர்த்த சின்தசைசர் ஒலியும் குழுவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் மிட்ச் ஈஸ்டர், டான் டிக்சன் இருவரையும் அழைத்து, வட கரோலினாவின் சார்லட் நகரில் பதிவை முடித்தனர். அக்காலத்தில் பெருவழக்காக இருந்த நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனங்களை இதில் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். ஸ்டைப்பின் சொற்கள் பல இடங்களில் பிடிபடாமல் இசைக்குள் கரைந்துவிடுகின்றன; இத்தொகுப்பின் பேரழகே அதுதான். குரலும் இங்கே ஒரு வாத்தியமாகிறது.

அட்டையில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் மண்டிப் படரும் குட்சுக் கொடியின் புகைப்படம் உள்ளது. பில்போர்டு பட்டியலில் 36ஆம் இடம்வரைதான் ஏறியது. ஆயினும் ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர்கள், மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ தொகுப்பையும் தாண்டி, இதையே 1983இன் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தனர்.