வெள்ளிக் கரண்டியின் சாட்சியம்

பழம்பொருள் விற்கும் கடையொன்றில் ஒரு கரண்டியை வெள்ளியென நம்பி, வெள்ளியின் விலை கொடுத்து வாங்கினோம். காம்பின் பின்புறத்தில், சிறு கட்டங்களுக்குள் நான்கு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை அரசாங்க முத்திரைகளாகவே நம் கண்ணுக்குத் தோன்றின. 'இ.பி.என்.எஸ்.' என்னும் அவ்வெழுத்துகள், நிக்கல் கலந்த உலோகத்தின்மீது மின்சார முறையில் வெள்ளி முலாம் பூசப்பட்டதைக் குறிப்பவை என்பதைப் பின்னரே அறிந்தோம். 1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற முறை அது. எழுத்து பொய் சொல்லவில்லை. அதனைப் படிக்கத் தெரியாத நாமே ஏமாந்தோம். அவ்விழப்புதான் மெய்யான முத்திரைகளின் வரலாற்றை நாடச் செய்தது.

தூய வெள்ளி மென்மையானது; செம்பு கலந்தால்தான் உறுதிபெறும். எவ்வளவு கலந்தது என்பதைச் செய்தவர் அறிவார். வாங்குபவர் கண்ணால் அறிய இயலாது. மோசடி புகும் வாயில் இதுவே. அதனை அடைக்க, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1300ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருத்தல் வேண்டும். பொற்கொல்லர் சங்கக் கண்காணிப்பாளர் சோதித்துச் 'சிறுத்தைத் தலை' முத்திரை இட்ட பின்னரே பொருள் கொல்லரின் கையைவிட்டு நீங்கலாம். 1363இல் செய்தவரின் அடையாளமும் கட்டாயமாயிற்று.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. சோதிப்பவரே தவறிழைத்தால் என் செய்வது? 1478ஆம் ஆண்டு லண்டன் பொற்கொல்லர் மன்றத்தில் ஊதியம் பெறும் சோதனையாளர் அமர்த்தப்பட்டார். ஆண்டுக்கு ஓர் எழுத்தும் பொறிக்கலாயினர். தரம் குறைந்த பொருள் பின்னாளில் அகப்பட்டால், எவர் பொறுப்பிலிருந்தபோது முத்திரை இடப்பட்டது என்பதை அவ்வெழுத்து காட்டிக்கொடுக்கும். இன்று கரண்டியின் வயதறிய உதவும் அவ்வெழுத்து, சோதித்தவரிடம் கணக்குக் கேட்கவே பிறந்தது! மன்றத்தில் இடப்பட்ட முத்திரை ஆதலின் 'ஹால்மார்க்' என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

இனி, படிக்கும் முறையைக் காண்போம். நடக்கும் சிங்கம் 1544 முதல் வெள்ளியின் தரத்தைக் குறித்து வருகிறது. ஊரைக் குறிப்பவை வேறு: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு முன்னர் கிரீடம், 1975 முதல் ரோஜா. அரசரின் தலை, வரி செலுத்தியதற்கு அடையாளமாக 1784 முதல் 1890 வரை இடப்பட்டது. சிறுத்தைத் தலையோ 1821இல் தன் கிரீடத்தை இழந்தது.

ஒரு கரண்டியில் சிங்கம், கிரீடமில்லாச் சிறுத்தை, விக்டோரியா அரசியின் தலை ஆகியவை இருப்பதாகக் கொள்வோம். அவர் அரியணை ஏறியது 1837இல். ஆகவே கரண்டி அவ்வாண்டுக்கும் 1890க்கும் இடைப்பட்டது. லண்டனில் அக்காலத்து எழுத்து வரிசை இருபது ஆண்டுகளுக்கொரு முறை புதிய வடிவில் மீண்டும் தொடங்கியது. எழுத்தின் வடிவையும், அதனைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவையும் அட்டவணையுடன் ஒப்பிட்டால் ஆண்டு தெளிவாகும். முத்திரை இருக்கும் இடத்தையும் நோக்குதல் நன்று. ஏறத்தாழ 1780 வரை கரண்டியின் குழிவை அடுத்துக் காம்பில் பொறித்தனர். பின்னர் காம்பின் நுனியருகே பொறித்தனர். இச்சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படின், வாங்குமுன் ஐயுறுதல் வேண்டும்.

இத்தகைய ஏற்பாடு ஆங்கிலேயருக்கு மட்டுமே உரியதன்று. உஸ்மானியத் துருக்கியரின் வெள்ளிப் பொருள்களில் சுல்தானின் 'துக்ரா' முத்திரையும், அதனருகே 'ஸஹ்' என்னும் அரபிச் சொல்லும் காணப்படும். 'சரியானது' என்பது அதன் பொருள். அறியாத ஒருவர் ஏமாறாதிருக்க, அறிந்த ஒருவர் பொறுப்பேற்று அளிக்கும் சாட்சியமே அது. சாட்சி பொய்க்காதிருக்கச் சாட்சி சொன்னவரையும் அடையாளங்காட்டிய அந்த 1478ஆம் ஆண்டு எழுத்து, அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் நம் அனைவரின் சிந்தனைக்கும் உரியது.