பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கோளாறுகள்

கிளட்ச் (உரசிணைப்பி) என்பது மோட்டார் சைக்கிளில் எந்திரத்தின் சுழற்சியைக் கியர் பெட்டியுடன் இணைக்கவும், வேண்டும்போது துண்டிக்கவும் பயன்படும் உறுப்பாகும். பழைய வண்டிகளில் கிளட்ச் வழுக்குதல், முழுமையாக விடுபடாமை, உதறல், கைப்பிடி கடினமாதல் ஆகிய கோளாறுகள் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுள் பல, கிளட்சைத் திறக்காமலேயே வீட்டில் சரிசெய்யக் கூடியவை. இக்கட்டுரை, தமிழ்நாட்டில் நெடுங்காலம் தயாரிக்கப்பட்ட, வார்ப்பிரும்பு எந்திரமும் நான்கு கியர்களும் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ஐ எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பின்னணி

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955-ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கப்பட்டது. இப்பழைய வகையில் எந்திரமும் கியர் பெட்டியும் தனித்தனியானவை. கிளட்ச், இடப்புறமுள்ள பிரைமரி செயின் பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்தவாறு இயங்குகிறது. பிற்காலத்தில் எந்திரமும் கியர் பெட்டியும் ஒன்றாக அமைந்த வகைகள் வந்ததால், கீழ்க்காணும் சில வழிமுறைகள் அவற்றுக்குப் பொருந்தா.

இயங்கும் முறை

பிரைமரி செயினால் சுழற்றப்படும் டிரம்முடன் உராய்வுத் தட்டுகளும், கியர் பெட்டியின் முதன்மைத் தண்டிலுள்ள ஹப்புடன் வழவழப்பான எஃகுத் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. சுருள்வில்கள் இவற்றை இறுக அழுத்துவதால் எந்திரத்தின் ஆற்றல் பின்சக்கரத்தைச் சென்றடைகிறது. கைப்பிடியை இழுக்கும்போது கேபிள் வழியாக கியர் பெட்டியிலுள்ள நெம்புகோல் அசைகிறது. அது உள்ளீடற்ற முதன்மைத் தண்டினுள் செல்லும் தள்ளுகம்பியைத் தள்ளி, அழுத்தத் தட்டை விலக்குகிறது.

அறிகுறிகளும் காரணங்களும்

* வழுக்குதல்: எந்திரத்தின் ஒலி உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராது. இவ்வகை புல்லட்டில் கிக்கரின் விசையும் கிளட்ச் வழியாகவே எந்திரத்தை அடைவதால், கிக்கர் எதிர்ப்பின்றிக் கீழே இறங்குவதும் இதன் அறிகுறியாகும். கேபிளில் தளர்வு இல்லாமை, தேய்ந்த தட்டுகள், வலுவிழந்த சுருள்வில்கள், பொருந்தாத எண்ணெய் ஆகியவை காரணங்கள்.
* விடுபடாமை: கைப்பிடியை முழுதும் இழுத்தபின்னும் வண்டி முன்னே நகர முயலும், முதல் கியர் ஓசையுடன் விழும், நியூட்ரல் கிடைக்காது. கேபிளின் மிகையான தளர்வு, வளைந்த எஃகுத் தட்டுகள் ஆகியவை காரணங்கள்.
* உதறல்: கைப்பிடியை விடும்போது வண்டி சீராகப் புறப்படாமல் உதறும். டிரம், ஹப் ஆகியவற்றில் தட்டுகள் பதித்த பள்ளங்கள், சமமற்ற சுருள்வில் இறுக்கம், தளர்ந்த பிரைமரி செயின் ஆகியவை காரணங்கள்.
* கைப்பிடி கடினமாதல்: பெரும்பாலும் உலர்ந்த, மடங்கிய அல்லது இழை பிரிந்த கேபிளே காரணம்.

வீட்டில் சரிபார்க்கும் முறை

எந்திரம் குளிர்ந்த பின், வெளியிலிருந்து உள்நோக்கிச் சரிபார்ப்பது நன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தால் உண்மையான காரணம் தெளிவாகும்.

1. கைப்பிடியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெற்றசைவு இருத்தல் வேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதும் திருப்பும்போதும் இவ்வளவு மாறக் கூடாது. மாறினால் கேபிள் செல்லும் வழியில் இழுபடுகிறது எனலாம்.
2. கேபிளைக் கழற்றி, ஒரு முனையை உயர்த்திப் பிடித்து, மறுமுனையில் வடியும்வரை எண்ணெய் விட வேண்டும். ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றுதல் வேண்டும்.
3. கேபிளை நன்கு தளர்த்திய பின், வலப்புறம் கியர் பெட்டியிலுள்ள சிறு மூடியைத் திறந்து பூட்டுநட்டைத் தளர்த்த வேண்டும். சரிசெய் திருகு தள்ளுகம்பியைத் தொடும்வரை உள்ளே திருகி, ஏறத்தாழ அரைச் சுற்று பின்னே திருப்பி, பூட்டுநட்டை இறுக்க வேண்டும். அதன் பின்னரே கேபிளைச் சரிசெய்தல் வேண்டும். கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போவது பொதுவான தவறு ஆகும்.
4. பிரைமரி செயினின் தளர்வையும், செயின் பெட்டியின் எண்ணெயையும் பார்க்க வேண்டும். இந்த எண்ணெய் எந்திர எண்ணெயிலிருந்து தனியானது. உராய்வைக் குறைக்கும் சேர்பொருள்கள் கொண்ட கார் எண்ணெய் வழுக்கலை உண்டாக்கலாம்.
5. இவற்றால் தீராவிடில் மட்டுமே செயின் பெட்டியைத் திறக்க வேண்டும். எஃகுத் தட்டைச் சமமான கண்ணாடிப் பலகை மீது வைத்தால் வளைவு தெரியும். நீலம் பாய்ந்த தட்டு மிகை வெப்பத்தைக் காட்டுகிறது. சுருள்வில்களை அனைத்தையும் ஒருசேர மாற்றி, அழுத்தத் தட்டு கோணாமல் விலகும்படி சமமாக இறுக்குதல் வேண்டும். ஆழமாகப் பள்ளம் விழுந்த டிரம்மையும், இழுப்பான் கருவியின்றிக் கழற்ற இயலாத ஹப்பையும் மெக்கானிக்கிடம் விடுவது நலம்.

இறுதியாக, எந்திரத்தை அணைத்து, கியரில் வைத்து, கைப்பிடியை இழுத்தபடி வண்டியைத் தள்ளிப் பார்க்கலாம். தாராளமாக உருண்டால் கிளட்ச் விடுபடுகிறது எனக் கொள்ளலாம்.

மலைப்பாதையில் கிளட்ச்

சேர்வராயன் மலையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து செல்லும் முதன்மைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மற்றொரு பாதை குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறுகிறது. இத்தகைய பாதைகளில் குறைந்த கியரில் அடிக்கடி கிளட்சைப் பயன்படுத்த நேர்வதால் தட்டுகள் விரைவில் சூடேறித் தேய்கின்றன. சரிவில் வண்டியை நிறுத்தி வைக்க அரைக் கிளட்சைப் பயன்படுத்தாமல் பிரேக்கைப் பயன்படுத்துவது தேய்மானத்தைக் குறைக்கும்.

குளிர்ந்த காலைகளில் கெட்டியான எண்ணெயால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். வண்டியை இயக்கும் முன், கைப்பிடியை இழுத்தபடி கிக்கரைச் சில முறை மிதித்தால், ஹப் மட்டும் சுழன்று தட்டுகள் பிரிகின்றன. இது கோளாறு அன்று.

இறக்கத்தில் கிளட்ச் வழுக்குவது ஆபத்தானது. குறைந்த கியரில் இறங்கும்போது எந்திரமே வண்டியைத் தடுத்து நிறுத்த உதவுகிறது. வழுக்கும் கிளட்ச் இவ்வுதவியைப் பறித்துவிடுகிறது. அப்போது முழுச்சுமையும் பிரேக்குகள் மீது விழுகிறது. பழைய வண்டிகளின் டிரம் பிரேக்குகள் தொடர்ந்து அழுத்தப்பட்டால் சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். எனவே, வழுக்கும் கிளட்சுடன் மலையிலிருந்து இறங்குவதைத் தவிர்த்து, மேலேயே பழுது நீக்கிக்கொள்ள வேண்டும். மலைப்பகுதியில் ஓட்டுவோர் மாற்றுக் கேபிள் ஒன்றை வண்டியில் வைத்திருப்பது பயனுள்ளது.