எது மூலப்படி? ஒத்திசைவின் சிறு வரலாறு

என் கைபேசியின் முகவரிப் பட்டியலில் ஒரு நண்பரின் பெயர் இரண்டு முறை இருக்கிறது. ஒன்றில் அவருடைய பழைய வீட்டு எண். மற்றொன்றில் வேலை மாறிய பிறகு அவர் தந்த எண். 2000களின் தொடக்கத்தில் நான் வைத்திருந்த கையடக்கக் கருவி ஒன்றில் ஒரு திருத்தத்தையும், அலுவலகக் கணினியில் வேறொரு திருத்தத்தையும் செய்துவிட்டு இரண்டையும் இணைத்தபோது நேர்ந்த இரட்டிப்பு அது. அதை எந்திரத்தின் பிழை என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அது பிழையல்ல, யாரோ ஒருவர் யோசித்து எடுத்த முடிவு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கைக்கருவிக்கும் கணினிக்கும் இடையே தகவல் போய்வந்த வரலாற்றைக் கம்பிகளின் வரலாறாகவும் எழுதலாம். ஆனால் அதன் உள்ளே ஓடும் கேள்வி, சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்களுக்கு நன்கு பழக்கமானது. ஒரே நூலுக்கு இரண்டு படிகள் கிடைத்து, இரண்டும் ஓரிடத்தில் வேறுபட்டால் எதை மூலமாகக் கொள்வது? ஒரு படியை அப்படியே பெயர்த்தெழுதுவது ஒரு வேலை. வேறுபட்டுவிட்ட இரண்டு படிகளை உடன்படச் செய்வது முற்றிலும் வேறான வேலை. முன்னது பரிமாற்றம், பின்னது ஒத்திசைவு.

வெறும் பரிமாற்றத்துக்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. 1994இல் டைமெக்ஸ் நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து டேட்டாலிங்க் என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதற்குக் கம்பியே கிடையாது. கடிகாரத்தைக் கணினித் திரைக்கு நேரே பிடித்தால் திரையில் கோடுகள் மின்னி மின்னி மறையும். கடிகாரத்திலிருந்த ஒளியுணரி அவற்றைப் படித்து எண்களையும் சந்திப்பு நேரங்களையும் பதிந்துகொள்ளும். அன்றைய படக்குழாய்த் திரைகளில்தான் இது நடக்கும். மடிக்கணினிக்குத் தனி இணைப்புக் கருவி வேண்டும். பேச்சும் ஒருவழிதான். கணினி சொல்லும், கடிகாரம் கேட்டுக்கொள்ளும். இங்கே பாடபேதத்துக்கு இடமே இல்லை.

இருவழிப் பேச்சின் சிக்கலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்பே எதிர்கொண்டிருந்தார்கள். அவர்களுள் முக்கியமானவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற மகாதேவ் சத்தியநாராயணன். அங்கே 1987இல் அவர் தலைமையில் தொடங்கியது கோடா என்னும் கோப்பு முறைமை. வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட கணினியிலும் வேலை தொடர வேண்டும், மீண்டும் இணைந்ததும் இடையில் செய்த மாற்றங்கள் மூலத்தோடு சேர வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்று. இதற்கு இரு வழிகள் உண்டு. ஒருவர் கையில் கோப்பு இருக்கும்வரை மற்றவர் தொடாதபடி பூட்டிவைக்கலாம். அல்லது எல்லோரையும் எழுதவிட்டு, மோதல் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். கோடா இரண்டாவதைத் தேர்ந்தது. இருவர் ஒரே கோப்பை ஒரே சமயத்தில் திருத்துவது நடைமுறையில் அரிது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். சத்தியநாராயணனும் ஜேம்ஸ் கிஸ்லரும் 1991இல் முன்வைத்த ஆய்வுக்கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று.

இந்தச் சிந்தனைக்கு நெருங்கிய ஒன்றைச் சாதாரண மனிதரின் சட்டைப்பைக்குக் கொண்டுவந்த கருவி பாம் பைலட். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். யாராவது நேரம் கேட்டால் கட்டையை எடுத்து நாட்குறிப்பைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வாராம். 1993இல் ஆப்பிளின் நியூட்டனும், அவரே மென்பொருளில் பங்கேற்ற ஜூமரும் சந்தையில் சோபிக்கவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து ஹாக்கின்ஸும் அவருடைய சகாக்களான டோனா டுபின்ஸ்கியும் எட் காலிகனும் கற்ற பாடம் எளிமையானது. மக்கள் கேட்பது மேசைக் கணினிக்கு மாற்றான இன்னொரு கணினியை அல்ல, அதன் ஒரு துண்டைக் கையோடு எடுத்துச் செல்லும் வசதியை.

1996 மார்ச்சில் பைலட் வெளிவந்தது. அடிப்படை வடிவத்தின் விலை 299 டாலர், நினைவகம் 128 கிலோபைட். கூடவே ஒரு தொட்டில் வந்தது. கருவியை அதில் வைத்து ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஒத்திசைவு தொடங்கிவிடும். அதற்கு ஹாட்சிங்க் என்று பெயர். பைலட்டின் நினைவகம் இரண்டு சிறு மின்கலங்களை நம்பியிருந்தது. அவை முற்றாகத் தீர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். ஆகவே மேசைமேல் இருந்த படி வெறும் வசதியல்ல, உயிர்க்காப்பு.

அதன் செயல்முறையைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. பதிவைத் திருத்தினால் அதன்மேல் 'மாறியது' என்ற சிறு குறி விழும். இணைக்கும்போது குறி விழுந்தவை மட்டும் இடம் மாறும். அதனால்தான் வேலை சில நொடிகளில் முடிந்தது. சரி, ஒரே பதிவு இரு பக்கமும் மாறியிருந்தால்? பைலட் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு முடிவை மனிதரிடம் விட்டுவிட்டது. நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவதைப் போன்ற அடக்கம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த அடக்கம் நீடிக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் எரிக்சன், ஐ.பி.எம்., நோக்கியா, மோட்டோரோலா, பாம் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடி சிங்க்எம்எல் என்ற பொதுமொழியை வகுத்தன. ஆளுக்கொரு கம்பி, ஆளுக்கொரு மென்பொருள் என்றிருந்த குழப்பத்துக்கு அது தேவையான மருந்துதான். ஆனால் அதன் அமைப்பில் படிகளை ஒப்பிடும் பொறுப்பு பெரும்பாலும் வழங்கி என்னும் மையக் கணினிக்குப் போயிற்று. கைபேசி மாற்றங்களைச் சமர்ப்பிக்கும். வழங்கி முடிவு செய்யும்.

2001இல் வந்த ஐபாட் இன்னும் தெளிவாகப் பேசியது. உன் கணினியிலுள்ள இசைத்தொகுப்பே மூலம், நான் அதன் நிழல் என்றது. வேறொரு கணினியோடு இணைத்து ஒத்திசைக்கச் சொன்னால், இருப்பதை அழித்துவிட்டு நிரப்பட்டுமா என்று கேட்டது. இசைத்தொகுப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் தடுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. மேசைக் கணினியே வீட்டின் எல்லா மின்கருவிகளுக்கும் மையம் என்று அதே ஆண்டுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்திருந்தார். 2007இல் வந்த முதல் ஐஃபோனைக்கூடக் கணினியோடு இணைத்த பிறகே பயன்படுத்தத் தொடங்க முடிந்தது.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, 2011 ஜூனில், கணினியையும் வெறும் கருவிகளுள் ஒன்றாகத் தாழ்த்தி மையத்தை மேகத்துக்கு மாற்றுவதாக அவரே அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஐஓஎஸ் 5 வந்தபோது கம்பி தேவையற்றதாயிற்று. மேகம் என்ற கவித்துவமான சொல்லுக்குப் பின்னால் இருப்பது வேறொருவருடைய கட்டடத்தில் ஓடும் வேறொருவருடைய கணினி.

இந்த மாற்றத்தின் விலை என்ன என்பதை 2009 அக்டோபர் காட்டியிருந்தது. அமெரிக்காவில் டி-மொபைல் விற்ற சைட்கிக் கைபேசிகளின் தகவல்களை, மைக்ரோசாஃப்ட் முந்தைய ஆண்டு வாங்கியிருந்த டேஞ்சர் என்ற நிறுவனத்தின் வழங்கிகள் காத்துவந்தன. அவை பழுதாயின. மின்கலத்தைக் கழற்றாதீர்கள், கருவியை அணைக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. கையில் இருந்தது தற்காலிகப் படி மட்டுமே. மூலம் எங்கோ இருந்தது. பெரும்பாலான தகவல்கள் பின்னர் மீட்கப்பட்டன என்பது உண்மை. பைலட்டின் மின்கலம் தீர்ந்தபோது மேசைமேல் ஒரு படி காத்திருந்தது. சைட்கிக் வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு மேசையே இல்லை.

இன்றைய வசதிகளை நான் குறைசொல்லவில்லை. கைபேசி தொலைந்தாலும் புகைப்படங்கள் திரும்பக் கிடைக்கின்றன. தொட்டில் காலத்தில் பொத்தானை அழுத்த மறந்தவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் தானாக நடக்கும் ஒத்திசைவில் அழிப்பதும் தானாகவே பரவுகிறது. ஓரிடத்தில் விரல் தவறினால் எல்லாப் படிகளிலும் அந்த வரி போய்விடும். ஒத்திசைந்த படிகள் எத்தனை இருந்தாலும் சுவடியியலின் கணக்கில் அவை ஒன்றே. வேறுபட்டு நிற்கக்கூடிய படிதான் இரண்டாவது படி.

அதனால் ஆண்டுக்கு ஒருமுறை என் முகவரிப் பட்டியலைக் கோப்பாக்கி, எதனோடும் ஒத்திசையாத ஒரு வன்தட்டில் நகலெடுத்து வைக்கிறேன். இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கட்டுமா என்று கைபேசி அவ்வப்போது கேட்கிறது. அந்த நண்பர் இன்று இல்லை. இரண்டு எண்களிலும் அவரை அழைக்க முடியாது. இருந்தும், வேண்டாம் என்றே ஒவ்வொரு முறையும் தொடுகிறேன்.