மணல், சிலேட்டு, செல்போன்

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் மணல்தான் சிலேட்டு. மூத்த மாணவன், சட்டாம்பிள்ளை, சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்து அதையும், மூத்தவன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் தன் வகுப்பில் புகுத்தினார். அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகள் அதை 'மெட்ராஸ் முறை' என்றே பின்பற்றின. நம் திண்ணையிலிருந்து போன பாடம் அது.

கருவிகள் மாறின.

2018இல் வந்த தமிழகப் பாடநூல்களில் க்யூஆர் கோடு இடம்பெற்றது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் 'இணையச் செயல்பாடு' பகுதி ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளைத் திறக்கச் சொல்கிறது. அதில் ஒரு முக்கோணத்தின் முனையை இழுத்தால் முக்கோணம் மாறும், கோணங்களின் கூடுதல் மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். உவரி போன்ற கடலோர ஊருக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர் முதலில் பழகவேண்டியது இந்த இழுப்பைத்தான். அதன்பின் செல்போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். அடுத்தவருக்குக் காட்டச் சட்டாம்பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள்.