கணினித் திரை: புதுப்பிப்பு வீத வரம்பை மீறுதல்

கணினித் திரை ஒரு வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறதோ, அதுவே அதன் புதுப்பிப்பு வீதம். கடைகளில் ரெஃப்ரெஷ் ரேட் என்பார்கள், அளவு ஹெர்ட்ஸ். தயாரிப்பாளர் குறித்த வரம்புக்கு மேல் இதை ஏற்றி ஓட்டினால் என்ன ஆகும் என்பது திரையின் வகையைப் பொறுத்தது. பிக்சர் டியூப் மானிட்டர் நிரந்தரமாகப் பழுதாகலாம். எல்.சி.டி. மானிட்டரில் பெரும்பாலும் படம் கெடுவதோடு சரி.

பிக்சர் டியூப் மானிட்டர்கள்

டியூபுக்குள் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரிவரியாக ஓடிப் படத்தை வரைகிறது. ஒவ்வொரு வரிக்கும் கற்றையை இழுத்துத் திருப்புவது ஒரு டிரான்சிஸ்டரும், மெக்கானிக்குகள் எல்.ஓ.டி. என்று சொல்லும் டிரான்ஸ்ஃபார்மரும். கலர் டியூபுக்கு வேண்டிய ஏறக்குறைய 25,000 வோல்ட்டும் அதே எல்.ஓ.டி.யிலிருந்துதான் வருகிறது. ஆகவே ஆபத்தைத் தீர்மானிப்பது புதுப்பிப்பு வீதம் மட்டும் அல்ல. திரையில் தெரியாத மறைவரிகளும் சேர்ந்த மொத்த வரிகளால் அதைப் பெருக்கினால் கிடைக்கும் வரி அலைவெண்தான் உண்மையான சுமை.

இதை அறியாமல் வீதத்தை ஏற்றியவர்களுக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த பிரவுசிங் சென்டர்களிலும் ஸ்ரீரங்கத்து வீடுகளிலும் கணினிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், திரை 60 ஹெர்ட்ஸ். ஸ்டெபிலைசரின் காந்தப்புலம் கற்றையை இழுப்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10 ஹெர்ட்ஸ் வேகத்தில் படம் தண்ணீரில் கிடப்பதுபோல் நெளியும். வீதத்தை 85 ஆக்கினால் அந்த நெளிவு 35 ஹெர்ட்ஸாகி, அவ்வளவாகக் கண்ணில் படாது. டியூபின் இமைப்பும் குறையும். ஸ்டெபிலைசரை இரண்டடி தள்ளி வைத்தாலே நெளிவு அடங்கியிருக்கும். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அன்று பரவலாக விற்ற 14 அங்குல மானிட்டர்கள் பலவற்றின் வரி அலைவெண் வரம்பு 30 முதல் 54 கிலோஹெர்ட்ஸ். 800×600 அளவில் 85 ஹெர்ட்ஸ் வைத்தால் 53.7 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது, வரம்புக்குள் அடங்கிவிடும். 1024×768 அளவில் 60 ஹெர்ட்ஸுக்கே 48.4 வேண்டும், 75 வைத்தால் 60 கிலோஹெர்ட்ஸ், வரம்பைத் தாண்டிவிட்டது. கையேட்டில் "செங்குத்து அலைவெண் 120 ஹெர்ட்ஸ் வரை" என்று புதுப்பிப்பு வீதத்தைக் குறித்திருப்பதை மட்டும் படித்தவர் 75 பாதுகாப்பானது என்றுதான் நினைப்பார். பாதுகாப்புச் சுற்று இல்லாத மானிட்டர் அந்த நிலையில் கீச்சென்று கத்தும், படம் கிழிந்து ஓடும். அப்படியே விட்டுவைத்தால் வரி டிரான்சிஸ்டர் சூடேறிப் போகும், சில சமயம் எல்.ஓ.டி.யும் சேர்ந்து போகும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இந்தச் சூடு இரட்டைச் சுமை. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகிறது என்பது மின்னணுத் துறையின் நடைமுறைக் கணக்கு.

வரலாறு

இந்தக் கேடு தனிநபர் கணினிகளின் தொடக்க காலத்திலேயே இருந்தது. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 5151 என்ற பச்சைத் திரை 18.43 கிலோஹெர்ட்ஸ் வரி அலைவெண்ணுக்கும் 50 ஹெர்ட்ஸ் வீதத்துக்கும் மட்டுமே கட்டப்பட்டது. அதற்குச் சொந்த அலையியற்றி கிடையாது. கணினியின் டிஸ்ப்ளே கார்டு அனுப்பும் துடிப்பையே நம்பி ஓடியது. கார்டிலிருந்த மோட்டோரோலா 6845 சிப்பில் தவறான எண்ணை எழுதினால் திரையின் வரிச் சுற்று எரிந்துபோகும். மென்பொருளால் வன்பொருளைக் கொல்ல முடியாது என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது. காமடோர் பெட் கணினியின் பிந்தைய மாடல்களிலும் நினைவகத்தில் எண்ணை எழுதும் ஒரே ஒரு போக் (POKE) கட்டளை திரையைப் பாழாக்கும் என்ற எச்சரிக்கை பயனர்களிடையே புழங்கியது.

1985இல் என்.இ.சி. நிறுவனம் பல அலைவெண்களுக்கும் பொருந்திப்போகும் மல்டிசிங்க் மானிட்டரைக் கொண்டுவந்தது. ஆனால் லினக்ஸ் பயனர்களுக்குத் தொல்லை தீரவில்லை. திரையை இயக்கும் எக்ஸ்-ஃப்ரீ-86 மென்பொருளின் அமைப்புக் கோப்பில் வரி, செங்குத்து அலைவெண் எல்லைகளைக் கையால் எழுத வேண்டியிருந்தது. கையேடு தொலைந்திருந்தால் குத்துமதிப்புதான். 1994இல் மின்னணுக் காட்சித் தரங்களுக்கான வீசா (VESA) அமைப்பு வகுத்த இ.டி.ஐ.டி. முறையில் மானிட்டரே தன் எல்லைகளைக் கணினிக்குத் தெரிவிக்கத் தொடங்கியது. பின்னாளில் வந்த டியூப் மானிட்டர்கள் வரம்பு மீறிய சிக்னலைக் கண்டதும் திரையை இருட்டாக்கி 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டின. எத்தனையோ எல்.ஓ.டி.களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி.

எல்.சி.டி. திரைகள்

இங்கே கற்றையும் இல்லை, எல்.ஓ.டி.யும் இல்லை. குறைவது நேரம். 1920×1080 திரையில் மறைவரிகளோடு சேர்த்து 1125 வரிகள். 60 ஹெர்ட்ஸில் ஒரு வரியின் புள்ளிகளுக்கு மின்னேற்ற 14.8 மைக்ரோவினாடி கிடைக்கிறது. 75 ஆக்கினால் 11.9தான். ஏற்றம் முழுமையடையாவிட்டால் நிறம் வெளிறும், நகரும் உருவத்தின் பின்னால் நிழல் இழுபடும். கேபிளுக்கும் எல்லை உண்டு: ஒற்றை இணைப்பு டி.வி.ஐ.யின் உச்சம் 165 மெகாஹெர்ட்ஸ், அதில் 148.5ஐ 60 ஹெர்ட்ஸே எடுத்துக்கொள்கிறது. சில மானிட்டர்கள் 75ஐ ஏற்றதுபோல் காட்டிவிட்டு இடையிடையே படங்களைக் கைவிடும். பயனருக்கு எண்தான் கூடும். 2012 வாக்கில் கொரியாவிலிருந்து வந்த 27 அங்குலத் திரைகள் சில 96, 120 ஹெர்ட்ஸ் வரை தாங்கியதால் வீதத்தை ஏற்றும் இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியது. பாடம் படிக்கவும் கணக்கு எழுதவும் 60 போதும். அதற்கு மேல் ஏற்ற வாரண்டியைப் பணயம் வைப்பது வீண்.

மடிக்கணினியில் வரம்பை மீறித் திரை இருண்டால் சரிசெய்யப் பார்ப்பதற்கு வேறு திரை இல்லை. விண்டோஸ் 15 வினாடி காத்திருந்து பழைய அமைப்புக்குத் தானே திரும்புவது இதற்காகத்தான். அந்த நேரத்தில் எந்த விசையையும் அழுத்தாமல் இருக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் வெளி மானிட்டரை இணைக்கலாம், அல்லது சேஃப் மோடில் திறக்கலாம்.

கூடுதல் வீதம் வேண்டுவோருக்கு இப்போது 144, 165 ஹெர்ட்ஸ் திரைகள் நேரடியாகவே விற்பனைக்கு வருகின்றன.